ஆதார்ல இருக்கற ஊர் வேண்டாம். நீங்க தூங்குற ரூம் எங்க இருக்கு?

1/
காய்ச்சல்னு ஓபிக்கு வர்றவங்ககிட்ட எத்தனை நாளா காய்ச்சல்னு கேட்ட கையோட நான் கேக்குற அடுத்த கேள்வி: "எங்க தங்கியிருக்கீங்க?" உடனே ஆதார் கார்டை நீட்டுவாங்க. வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துருவேன். "தம்பி, இதுல இருக்கறது உங்க ஊரு. நேத்து எந்த ரூம்ல தூங்குனீங்க?"

2/
சிலர் சிரிப்பாங்க. சிலர் சந்தேகமா பார்ப்பாங்க. "மாத்திரை குடுக்க ரூம் எதுக்கு டாக்டர்?"னு ஒருத்தர் நேரடியாவே கேட்டார். நியாயமான கேள்வி. அதுக்கான பதில்தான் இந்த நீளமான இழை. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி பக்கம் வாடகைக்கு இருக்கறவங்க, லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டவங்க, வார்டு கவுன்சிலர்கள், மூணு தரப்பும் கடைசி வரை படிச்சா சந்தோஷப்படுவேன்.

3/
போன மழைக்காலத்துல நடந்தது. இருபத்துநாலு வயசுப் பையன். அரூர் பக்கம் சொந்த ஊர். இங்க ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட் வேலை. நாலு நாள் காய்ச்சலுக்கு எங்கேயோ வலி ஊசி போட்டுக்கிட்டு, அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டதும் "சரியாயிடுச்சு"ன்னு டியூட்டிக்குப் போயிருக்கான். அங்க வாந்தி, வயித்து வலி. கூட வேலை பார்க்கற பசங்க பைக்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்க.

4/
டெங்கு. ரத்தம் கெட்டிப்பட ஆரம்பிச்சிருந்தது, தட்டணுக்கள் இறங்கியிருந்தது. அட்மிட் பண்ணோம், சலைன் கணக்குப் பார்த்துப் பார்த்து ஏத்தினோம். ஆறு நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டோம். எங்க பார்வையில அது ஒரு வெற்றி. ஃபைலை மூடிட்டோம்.

5/
ஆனா ஒண்ணு நடந்திருந்தது. டெங்கு உறுதியானா, அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, நோயாளியோட விவரத்தைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கணும். தெரிவிச்சோம். எந்த முகவரியோட? ஆதார்ல இருந்த அரூர் முகவரியோட. சீட்டுல அதுதான் இருந்தது. கேஸ் ஷீட்ல நானும் அதையே பார்த்து எழுதினேன். எங்க தங்கியிருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல. தப்பு என்னோடது.

6/
அங்கிருந்த சுகாதாரப் பணியாளர்கள் தங்க வேலையைச் சரியா செஞ்சாங்க. அவன் அம்மா தனியா இருக்கற வீட்டுக்குப் போய்க் குடத்தையெல்லாம் கவுத்துப் பார்த்திருக்காங்க, சுத்தி மருந்து அடிச்சிருக்காங்க. அந்தம்மா பயந்துபோய் வார்டுல படுத்திருந்த மகனுக்குப் போன் போட்டு அழுதாங்க: "நான் நல்லாதானடா கழுவி வெச்சிருக்கேன், என்னடா நம்ம வீட்டுல புழு இருக்குதுங்கறாங்க?" ஸ்பீக்கர்ல கேட்டு வார்டே சிரிச்சது. நானும் சிரிச்சேன்.

7/
அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிக்கல. அவன் அட்மிட் ஆன பதினொண்ணாம் நாள், நாலு வயசுப் பெண் குழந்தை வந்தது. ஜார்க்கண்ட் குடும்பம். கை கால் ஜில்லுனு இருக்கு, நாடி கையில சிக்கல, குழந்தை மயக்கமும் முழிப்புமா இருக்கு. டெங்கு ஷாக். அவங்கம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. நர்ஸ் அக்கா ஒருத்தர்தான் பேசிப் பேசி இடத்தைக் கண்டுபிடிச்சாங்க. "டாக்டர், இது அந்த அரூர் பையன் இருந்த லைன் வீடு. ரெண்டு ரூம் தள்ளி."

8/
குழந்தை பிழைச்சுக்கிட்டா. ரெண்டு ராத்திரி நாங்க யாரும் சரியா தூங்கல. அப்புறம்தான் இந்த முகவரி சுகாதார ஆய்வாளர் கைக்குப் போச்சு. அன்னைக்கு மத்தியானமே டீம் போனாங்க. பன்னிரண்டு ரூம். வாசல்ல வரிசையா நீல டிரம். பாதிக்கு மேல மூடி இல்லை. டார்ச் அடிச்சா உள்ளே நெளியுது.

9/
அந்தப் பையன்கிட்ட இருந்துதான் குழந்தைக்கு வந்ததுன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா கணக்கு ஒண்ணு சொல்றேன். டெங்கு நோயாளியைக் கடிச்ச கொசுவுக்குள்ள வைரஸ் வளர்ந்து அடுத்த ஆளுக்குப் பரவ ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகும். கடிபட்ட ஆளுக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். இடையில இருக்கற இந்த நாட்கள்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். அந்த அவகாசத்துல டீம் சரியான வாசலுக்குப் போகணும். எங்க டீம் நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு அம்மாவோட குடத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தது.

10/
இது ஓசூர்ல நடக்கறதுக்குக் காரணம் இருக்கு. ஓசூர் எவ்வளவு பெரிய ஊர்னு சொல்லுங்க பார்ப்போம்? 2011 கணக்கெடுப்புப்படி அப்போதைய நகராட்சியில 1,16,821 பேர். 2021ல நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால தள்ளிப்போச்சு. நடுவுல 2019 பிப்ரவரியில மாநகராட்சி ஆச்சு, சுத்தி இருந்த ஊராட்சிகள் சேர்ந்தது. 2022 பிப்ரவரியில 45 வார்டுக்கும் முதல் மாநகராட்சித் தேர்தல் நடந்தது.

11/
இதுக்கு நடுவுல எத்தனை கம்பெனி, எத்தனை ஷிப்ட், எத்தனை லைன் வீடு! தர்மபுரி, திருவண்ணாமலை, சேலம், மதுரைப் பசங்க. ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் பசங்க. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளுக்கு வந்த பெண் பிள்ளைங்க. பெங்களூரு வாடகை கட்டுப்படியாகாம ஓசூர்ல ரூம் எடுத்துட்டு பொம்மசந்திராவுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் தினம் போய் வர்றவங்க. இதுல முக்கால்வாசிப் பேரோட ஆதார்ல ஓசூர்ங்கற வார்த்தையே இருக்காது.

12/
அடுத்தவங்களைச் சொல்லுவானேன். என் ஆதார்ல இன்னமும் திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு கிராமம்தான் இருக்கு. ஓட்டு அங்க. ரேஷன் கார்டு அங்க. நான் ஓசூர்ல வாடகை வீட்டுல இருந்து வருஷக் கணக்காச்சு. எந்த வார்டுல இருக்கேன்னு எனக்கே அந்தக் குழந்தை வந்த வாரம்தான் தெரிஞ்சது.

13/
இந்த ஊருக்குன்னே இன்னொரு சிக்கல். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு பகல்ல கடிக்கும். காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் இருட்டறதுக்கு முன்னாடி இன்னும் ஜாஸ்தி. மத்த ஊர்ல அந்த நேரம் ஜனங்க முழிச்சிருப்பாங்க, நடமாடிக்கிட்டு இருப்பாங்க. நம்ம ஊர்ல? நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையில ஏழு மணிக்கு ரூமுக்கு வந்து, பனியனோட தரையில பாய் விரிச்சு மூணு மணி வரைக்கும் அசந்து தூங்கறவங்க ஆயிரக்கணக்குல. கொசுவுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

14/
அதே நேரத்துலதான் மாநகராட்சியோட கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களும் வருவாங்க. டிபிசின்னு சொல்வோம். கையில டார்ச்சு, அபேட் மருந்து, ஒரு நோட்டு. காலையில பத்து மணிக்குக் கதவைத் தட்டினா, பகல் ஷிப்ட் ரூம் பூட்டியிருக்கும். நைட் ஷிப்ட் ரூம்ல ஆள் தூங்கிட்டு இருப்பாங்க, எந்திரிக்க மாட்டாங்க. தினக்கூலிக்கு வேலை பார்க்கற அந்த அக்காங்க எத்தனை தடவை தட்டுவாங்க? நோட்டுல "பூட்டு"ன்னு எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

15/
"டிரம்மை மூடாம வெச்சிருக்காங்க, சுத்தமில்லாத ஜனங்க"ன்னு யாராவது கமெண்ட்ல எழுத வருவீங்க. நில்லுங்க. ஏடிஸ் சாக்கடையில வளர்ற கொசு இல்லை. நீங்க குடிக்கப் பிடிச்சு வெச்ச மாதிரி நல்ல தண்ணி அதுக்கு வேணும். பன்னிரண்டு ரூமுக்கு ஒரு குழாய், அதுவும் தினம் வராதுன்னா, டிரம் வெச்சுத்தான் ஆகணும். டிரம் சோம்பேறித்தனத்தோட அடையாளம் இல்லைங்க. தண்ணி எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருதுங்கறதோட அடையாளம்.

16/
இந்த மாவட்டத்துக்குத் தண்ணி சும்மா வரல. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம். பல்லு கறை பிடிச்சு, முதுகு வளைஞ்சு ஒரு தலைமுறையே கஷ்டப்பட்டது. அதுக்காகத்தான் ஜப்பான் கடனுதவியோட 1,928.80 கோடி ரூபாயில ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013 மே 29ல தொடங்கி வெச்சாங்க. காவிரித் தண்ணி மேட்டுல ஏறி ஓசூர் வரை வருது. பெரிய காரியம். ஆனா குழாய்ல தண்ணி வந்ததோட வேலை முடியல. குழாய்க்கும் குடத்துக்கும் நடுவுல நிக்கற அந்த டிரம்முக்கும் யாராவது பொறுப்பு ஏத்துக்கணும்.

17/
இந்த டிரம் விஷயம் பழைய கதை. மலேரியாவைக் கொசு பரப்புதுன்னு கண்டுபிடிச்ச ரொனால்ட் ராஸ் இருக்காரே, அவர் இளம் டாக்டரா 1883ல பக்கத்துல பெங்களூருல வேலை பார்த்தார். பங்களாவுல கொசுத் தொல்லை. ஜன்னலுக்கு வெளியில இருந்த தண்ணித் தொட்டியில புழு நெளியறதைப் பார்த்துக் கவுத்து விட்டார், கொசு குறைஞ்சது. மத்த இடத்துலயும் இதையே செய்வோம்னு மேலதிகாரிகிட்ட கேட்டார். அந்த அதிகாரி ஒத்துக்கல. தொட்டியைக் கவுக்க டாக்டர் ஆசைப்பட்டா மட்டும் போதாது, தொட்டிக்குச் சொந்தக்காரர் சம்மதிக்கணும். இன்னைக்கும் அதுதான் நிலைமை.

18/
சரி, முகவரிக்கு வருவோம். 1854ல லண்டன்ல பிராட் ஸ்ட்ரீட் பக்கம் காலரா. பத்து நாள்ல 500 பேருக்கு மேல செத்தாங்க. ஜான் ஸ்னோங்கற டாக்டர் இறப்புப் பதிவேட்டை வாங்கிக்கிட்டு, அதுல இருந்த முகவரி முகவரியா நடந்தார். சாவு எல்லாம் ஒரு தெருக் குழாயைச் சுத்தியே இருந்தது. இதுவரைக்கும் நிறைய பேருக்குத் தெரிஞ்ச கதை.

19/
அவ்வளவா பேசப்படாத பகுதி இதுக்கு அப்புறம் வரும். காலராவே இல்லாத ஹாம்ஸ்டட்ல ஒரு விதவைப் பெண்மணி செத்துப்போனாங்க. அவங்களைப் பார்க்க வந்துட்டுப் போன இன்னொரு பெண்ணும் வேற ஊர்ல செத்தாங்க. முகவரியை மட்டும் பார்த்தா கணக்கு இடிக்குது. ஸ்னோ அவங்க மகனைத் தேடிப் போய் விசாரிச்சார். அந்தம்மா முன்னாடி பிராட் ஸ்ட்ரீட்ல இருந்தவங்க, அந்தக் குழாய்த் தண்ணி ருசி பிடிச்சுப்போய் தினமும் ஒரு பாட்டில் வரவழைச்சுக் குடிச்சிருக்காங்க!

20/
பதிவேட்டுல இருந்த முகவரி அவரை அந்த வீட்டு வாசல் வரைக்கும்தான் கொண்டு வந்தது. தண்ணி எங்கிருந்து வந்ததுன்னு வாயைத் திறந்து கேட்டதுனாலதான் உண்மை தெரிஞ்சது. 170 வருஷத்துக்கு அப்புறம் எங்க கையில கம்ப்யூட்டர் இருக்கு, ஆன்லைன் பதிவு இருக்கு. நானோ ஆதாரைப் பார்த்து அரூர்னு எழுதிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

21/
ஜனங்க ஏன் ஊர் முகவரியையே சொல்றாங்கன்னு கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம். காப்பீட்டு அட்டையில அதுதான் இருக்கு. ரூம்ல நாலு பேர்னு ஓனர்கிட்ட சொல்லிட்டு ஏழு பேர் இருக்காங்க. காய்ச்சல்னு தெரிஞ்சா காண்ட்ராக்டர் வேலையை விட்டு நிறுத்திருவார்னு பயம். வடமாநிலப் பசங்களுக்கு முகவரின்னு கேட்டாலே போலீஸ் விசாரணை ஞாபகம் வருது. நிறைய பேருக்கு நிஜமாவே சொல்லத் தெரியல. "பெட்ரோல் பங்க் பின்னாடி, மஞ்ச பில்டிங்"தான் அவங்க முகவரி.

22/
அவங்க எல்லாருக்கும் சொல்றேன். அரசு ஆஸ்பத்திரியில காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்க ஆதார் கட்டாயம் இல்லை. நீங்க சொல்ற ரூம் விவரம் கொசுவைத் தேடத்தான். எத்தனை பேர் தங்கியிருக்கீங்கன்னு நாங்க உங்க ஓனர்கிட்ட கோள் மூட்டப் போறதில்ல. "மஞ்ச பில்டிங்" போதும். அதோட பக்கத்துக் கடைப் பேரும் ரூம் நம்பரும் சொன்னா இன்னும் நல்லது.

23/
இப்போ என் கருத்துக்கு வர்றேன். மாநகராட்சி சேவைன்னா நமக்கு ரோடு, லைட், குப்பை, வரி இதுதான் ஞாபகம் வரும். ஓசூர் மாதிரி ஊர்ல இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு சேவை வேணும்: இந்த ஊர்ல தூங்குற ஒவ்வொருத்தரையும் அவங்க தூங்குற இடத்துல கணக்குல எடுத்துக்கறது. ஆதார் எந்த ஊர், ஓட்டு எந்த ஊர்ங்கறது ரெண்டாவது.

24/
ஓட்டு இல்லாதவங்க வீட்டுக்குக் கவுன்சிலர் வரலன்னா அவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவர் கையில இருக்கறது வாக்காளர் பட்டியல். அதுல இந்த பன்னிரண்டு ரூமும் இல்லை. வரி ரசீதைப் பார்த்தா பன்னிரண்டு ரூமுக்கும் சேர்த்து ஒரே கதவு எண். பட்டியல்ல ஒரு வீடு, நிஜத்துல ஐம்பது பேர். அந்த ஐம்பது பேருக்குக் காய்ச்சல் வந்தா மட்டும் எங்க ஓபியில தனித்தனியா ஐம்பது சீட்டு.

25/
என்ன செய்யலாம்? என் மட்டத்துல தோணின அஞ்சு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, ஆஸ்பத்திரிகளுக்கு. அரசு, தனியார், லேப் எல்லாத்துக்கும். காய்ச்சல் சீட்டுல "இப்போது தங்கியிருக்கும் இடம்"னு தனியா ஒரு கட்டம். பக்கத்துல வேலை பார்க்கற இடம், ஷிப்ட். அப்புறம் வீட்டு ஓனர் இல்லன்னா ரூம்மேட் போன் நம்பர். கேக்க ஒரு நிமிஷம் ஆகும். நான் கேக்க ஆரம்பிச்சுட்டேன். ஓபி கூட்டத்துல அந்த ஒரு நிமிஷமும் பெரிசுதான். அந்தக் குழந்தைக்கு நாங்க செலவழிச்ச ரெண்டு ராத்திரியை நினைச்சா பெரிசாத் தெரியல.

26/
ரெண்டு, மாநகராட்சிக்கு. லைன் வீடுகளுக்கு ரூம் வாரியா நம்பர். சுவத்துல பெயிண்ட்ல எழுதினாப் போதும்: வார்டு, தெரு, ரூம். 108 ஆம்புலன்ஸ்ல இருந்து டிபிசி அக்கா வரை எல்லாருக்கும் உதவும். அதோட சிப்காட்டை ஒட்டின வார்டுகள்ல டிபிசி ரவுண்டை ஷிப்ட் மாறுற நேரத்துக்கு மாத்திப் பாருங்க. நாலு மணிக்குப் போனா கதவு திறந்திருக்கும்.

27/
மூணு, லைன் வீட்டு ஓனர்களுக்கு. கோபப்படாம கேளுங்க. டிரம்முக்கு இறுக்கமான மூடி, மாடித் தொட்டிக்கு மூடி, ஓவர்ஃப்ளோ குழாய்க்கு வலை. ஒரு ரூமோட ஒரு மாச வாடகைகூட ஆகாது. கொசு வளர்ற மாதிரி தண்ணியைத் தேங்க விடக்கூடாதுன்னு நம்ம பொது சுகாதாரச் சட்டம் 1939லயே சொல்லிருக்கு. கர்நாடகா 2024 செப்டம்பர்ல டெங்குவைத் தொற்றுநோயா அறிவிச்சு, கொசு வளர விட்டா நகரத்து வீடுகளுக்கு 400 ரூபாய் அபராதம்னு வெச்சது. ஆனா அபராதம் வாடகைக்கு இருக்கற பையன் தலையில விடியக்கூடாது. அந்தத் தொட்டி அவன் கட்டினதில்ல.

28/
நாலு, கம்பெனிகளுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும். உங்க ஆட்கள் எங்க தங்கியிருக்காங்கன்னு உங்ககிட்ட லிஸ்ட் இருக்கும், பஸ் அனுப்பறீங்களே! அந்த இடங்களோட பட்டியலை மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்குக் கொடுங்க, ஆள் பேர்கூட வேண்டாம். வெளி மாநிலத் தொழிலாளர்களுக்குத் தங்க இடம் ஏற்பாடு பண்றது காண்ட்ராக்டர் பொறுப்புன்னு 1979லயே சட்டம் வந்தது. இடத்தைச் சொல்றது அதைவிடச் சின்ன வேலை. அப்புறம், டெங்குவுக்கு லீவு கேட்டா கொடுங்க. காய்ச்சலை மறைச்சு டியூட்டிக்கு வர்ற பையன் உங்க லைன்லயே மயங்கி விழுவான்.

29/
அஞ்சு, எல்லை. ஓசூர்ல தூங்கி அந்தப் பக்கம் வேலை பார்க்கறவங்க, ரத்தத்தை அந்தப் பக்கமே டெஸ்ட் பண்றாங்க. ரிசல்ட் அங்க இருக்கு, கொசு இங்க இருக்கு. அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல லாரி நிக்கும், கொசு நிக்காது. ஆனேக்கல் பக்கத்து சுகாதார அதிகாரிகளும் நம்ம அதிகாரிகளும் தினம் ஒரு தடவை எல்லையோர முகவரிகளைப் பரிமாறிக்கிட்டாப் போதும். கொரோனா காலத்துல இது மாதிரி பரிமாற்றம் நமக்குப் பழக்கமானதுதான்.

30/
இதெல்லாம் நடக்கற காரியமான்னு கேப்பீங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல எங்க தொடங்கினாங்க தெரியுமா? நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில. பிபி, சுகர் மாத்திரையை வீடு தேடிப் போய்க் கொடுக்கற திட்டம். வீடு தெரிஞ்சா அரசாங்கம் வாசல் வரைக்கும் வரும்னு காட்டின மாவட்டம் இது. வீடு தெரியாத ஐம்பது பேரை அந்தப் பட்டியல்ல சேர்க்கறதுதான் அடுத்த வேலை.

31/
நீங்களும் கேக்கலாம். கிராமத்துல கிராம சபை மாதிரி, நகரத்துக்கும் வார்டு கமிட்டி, பகுதி சபைன்னு 2022ல விதிகள் வந்தது. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னைக்கு முதல் முறையா பகுதி சபைக் கூட்டம் நடந்தது. உங்க வார்டுல கூட்டம்னா போங்க. வாடகைக்கு இருக்கேன், ஓட்டு இங்க இல்லைன்னு தயங்காதீங்க. "எங்க தெருவுல தண்ணி எத்தனை நாளுக்கு ஒரு தடவை?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. போக நேரமில்லன்னா 1100க்குப் போன் பண்ணுங்க, முதல்வரின் முகவரித் துறையோட நம்பர்.

32/
இனி டாக்டரா சில வார்த்தை. டெங்குல ஆபத்து காய்ச்சல் கொதிக்கிறப்போ இல்ல, பெரும்பாலும் காய்ச்சல் விடறப்போதான் வரும். மூணாம் நாள்ல இருந்து ஏழாம் நாள் வரை கவனமா இருங்க. கடுமையான வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறு மூக்குல ரத்தம், கறுப்பா மலம், மயக்கம், கை கால் சில்லிடறது, மூச்சு வாங்கறது, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகாம இருக்கறது, குழந்தை சோர்ந்து படுத்துக்கறது. இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

33/
காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், வயசு எடைக்கு ஏத்த அளவுல. வலி ஊசி, டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவை அதிகமாக்கும். "ஒரு ஊசி போட்டு விடுங்க, ஷிப்டுக்குப் போகணும்"னு கெஞ்சாதீங்க. ஓஆர்எஸ், கஞ்சி, இளநீர், மோர் நிறைய குடிங்க. முதல் அஞ்சு நாளுக்குள்ள என்எஸ்1, அதுக்கு அப்புறம் ஐஜிஎம் எலிசா. சந்தேகம்னா 104ல கேளுங்க.

34/
ரூம்ல செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வாரத்துல ஒரு நாள், வார லீவ் அன்னைக்கு, டிரம்மைக் காலி பண்ணி உள் சுவத்தை பிரஷ் போட்டுத் தேய்ங்க. தண்ணியைக் கொட்டிட்டு மறுபடி பிடிச்சா போதாது. ஏடிஸ் முட்டை சுவத்துல ஒட்டியிருக்கும், மாசக் கணக்கா காஞ்சு கிடந்தாலும் தண்ணி பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனாலதான் வாரம் ஒரு தடவை. புகை மருந்து பறக்கற கொசுவை மட்டும்தான் கொல்லும், டிரம்முக்குள்ள இருக்கற புழுவுக்கு அது தெரியவே தெரியாது. நைட் ஷிப்ட்காரங்க பகல்ல கொசுவலை கட்டித் தூங்குங்க. யாராவது சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

35/
அந்த நாலு வயசுக் குழந்தை மறுபரிசோதனைக்கு வந்தா. அவங்கம்மாவுக்கு இன்னும் தமிழ் பேச வரல. ஆனா என் மேஜை முன்னாடி உக்கார்ந்ததும், நான் கேக்கறதுக்கு முன்னாடியே, நர்ஸ் அக்கா சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கற மாதிரி சொன்னாங்க: "பெட்ரோல் பங்க் பின்னாடி, மூணாவது சந்து, மஞ்ச பில்டிங், ஒம்போதாவது ரூம்." அப்படியே சீட்டுல எழுதிக்கிட்டேன்.

36/
உங்க ரூம்மேட்கிட்ட இன்னைக்கே கேளுங்க: நம்ம வார்டு நம்பர் என்ன? ரெண்டு பேருக்கும் தெரியலன்னா தேடிக் கண்டுபிடிச்சு போன்ல சேமிச்சு வெச்சுக்கங்க. காய்ச்சல் வந்தா அதைச் சொல்லுங்க. இந்தி, ஒடியா, வங்காளம் தெரிஞ்சவங்க 32ல இருந்து 34 வரைக்கும் மொழிபெயர்த்து உங்க கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல போட்டா, நான் ஓபியில உக்கார்ந்து செய்யறதைவிடப் பெரிய வேலை அது.